கொத்து நோயுடையதா, படிவத்துடையதா? தோட்டப்புறக் கிளினிக் பதிவேட்டிலிருந்து அறிகுறிகளைப் பிரிக்கும் வேலை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் ஒரு கிளினிக் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரிதான் வரும்: டெமாம், சாக்கிட் கெப்பாலா, சாக்கிட் பாடான். காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. டிங்கியும் இந்த வரிக்குள்தான் இருக்கிறது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸும் இதற்குள்தான். இரண்டு நாளில் தானே போய்விடும் சளிக்காய்ச்சலும் இதற்குள்தான். கூடவே எழுதியிருக்கும் மற்ற அறிகுறிகளை வைத்து, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று கணினியால் பிரிக்க முடியுமா என்று கேட்டால், முடியும். சிக்கலே அதுதான். பிரிக்கச் சொன்னால் கணினி எதையும் பிரித்துவிடும். நாலு கொத்து, அதாவது ஒரேமாதிரி அறிகுறி உள்ளவர்களின் கூட்டம், கேட்டால் நாலு, ஏழு கேட்டால் ஏழு. பூவா தலையா போட்டு நிரப்பிய அட்டவணையைக் கொடுத்தாலும் அழகாகப் பிரித்து, வண்ணம் பூசிக் காட்டும்.

எனவே கொத்து கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தால் கெட்டோம். அந்தக் கொத்தை உண்டாக்கியது எது என்று துருவுவதில்தான் பெரும்பகுதி நேரம் போகவேண்டும். நோய் உண்டாக்கியிருக்கலாம். காய்ச்சலின் எத்தனையாவது நாளில் ஆள் வந்தார் என்பது உண்டாக்கியிருக்கலாம். படிவத்தை நிரப்பியவரின் பழக்கமோ, யார் கிளினிக்குக்கு வருகிறார், யார் வீட்டிலேயே பனடோல் போட்டுக்கொண்டு படுக்கிறார் என்பதோகூட உண்டாக்கியிருக்கலாம். இந்த நாலையும் பிரித்தறியாமல் படம் வரைந்தால் படம் மட்டும்தான் மிஞ்சும்.

பேராக்கில் இருப்பவர்களுக்கு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு பக்கத்திலேயே உண்டு. 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. காய்ச்சல், தலைவலி, பிறகு நினைவு மங்குதல். இந்த மூன்றுக்கும் ஏற்கெனவே ஒரு பெயர் கையில் இருந்தது: ஜப்பானிய மூளையழற்சி, கியூலெக்ஸ் கொசு பரப்புவது. எனவே புதிதாக வந்தவர்களும் அந்தப் பெயருக்குள்ளேயே போய் விழுந்தார்கள். தடுப்பூசியும் கொசு மருந்தும் போட்டும் நிற்கவில்லை. அட்டவணையில் அறிகுறிப் பத்திகளை, அதாவது மேலிருந்து கீழாக ஓடும் வரிசைகளை, மட்டும் பார்த்தால் வித்தியாசம் சுலபமாகத் தெரிந்திருக்காது. தெரியவைத்தவை பக்கத்துப் பத்திகள்: வயது, வேலை. ஜப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இதுவோ பன்றியைத் தொட்டு வேலை செய்யும் பெரியவர்களைப் பிடித்தது. பன்றிகளும் நோயில் விழுந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் கிருமியைப் பிரித்தெடுத்தார். நெகிரி செம்பிலானின் கம்போங் சுங்கை நிப்பாவின் பெயர் அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்குத் தொற்றி, 105 பேர் இறந்தார்கள். பிறகு கவனமாகப் பார்த்தபோது தசை வெட்டிவெட்டி இழுப்பது, தசைநாரைத் தட்டினால் கால் துள்ளாமல் போவது, இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறுவது என்று இந்த நோய்க்கே உரிய குறிகளும் கிடைத்தன. முன்பே யாரும் அவற்றுக்கென்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கவில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒரு பெயர் இருந்தால் புதுக் கூட்டமும் அதற்குள் இழுபடும். கட்டமே இல்லாத அறிகுறி எந்தக் கணக்கிலும் வராது. 2020க்கு முன்னால் காய்ச்சல் படிவங்களில் பொதுவாக "வாசனை தெரியவில்லை" என்று ஒரு வரி இருந்ததில்லை. அது இல்லாத அட்டவணையில் எவ்வளவு நவீன முறையைப் போட்டாலும் கோவிட் தனியாகப் பிரிந்து நின்றிருக்காது.

அட்டவணைதான் பாதி வேலை

ஒரு வரி என்றால் ஓர் ஆள் என்று கொள்ளக்கூடாது. ஓர் ஆள் ஒருமுறை நோயில் விழுந்தது ஒரு வரி. திங்கட்கிழமை வந்தவர் வியாழக்கிழமை மறுபடி வந்தால் இரண்டு வரியாக்கினால், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி வருகிறவர்கள் தனிக் கொத்தாகிவிடுவார்கள். 14 நாளுக்குள் அதே தொல்லைக்காக வந்ததெல்லாம் ஒரே தடவை என்று வைத்து, முதல் வருகையின் அறிகுறிகளை மட்டும் எடுப்பது என் பரிந்துரை. இரண்டாம் வருகையைத் தூக்கி எறியவேண்டாம், தனித்தாளில் வையுங்கள். பின்னால் சரிபார்க்க உதவும்.

பத்திகள் 25 முதல் 30 வரை போதும். 400 வரி உள்ள அட்டவணையில் எட்டுப் பேருக்கும் குறைவாக உள்ள அறிகுறி கணக்குக்கு எதுவும் தராது. அதைப் பெரிய பத்தி ஒன்றோடு சேர்க்கலாம், அல்லது வெளியே எடுக்கலாம். ஆனால் மஞ்சள் காமாலை மாதிரி அபூர்வமான, ஆபத்தான அறிகுறி என்றால் கொத்துக்கணக்கிலிருந்து மட்டும் எடுத்துவிட்டுப் பக்கத்தில் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எந்தக் கொத்துக்குள் அது விழுகிறது என்று பார்ப்பது அவசியம்.

நோயாளி சொன்னதைப் பத்தியில் ஏற்றுவதற்கு ஒரு சொற்பட்டியல் வேண்டும். "மேல் காந்துது", "உடம்பு சுடுது", டெமாம் மூன்றும் காய்ச்சல் பத்திக்குப் போகும். இந்தோனேசியத் தொழிலாளி சொல்லும் மெரியாங்கும் அங்கேதான், ஆனால் அதில் குளிரும் கலந்திருக்கும், குளிர்நடுக்கம் இருந்ததா என்று தனியாகக் கேட்கவேண்டும். அவர் பூசிங் என்றால் அது தலைசுற்றலும் ஆகலாம், தலைவலியும் ஆகலாம். கேட்காமல் ஏதோ ஒரு பத்தியில் போட்டால், தொழிலாளி எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பதைக் கணினி கண்டுபிடித்துக் கொடுக்கும், நோயை அல்ல. பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாக 50 வரிகளுக்குப் போட்டுப் பார்த்து, எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டு பிறகு மீதியைச் செய்வது நல்லது.

சில பத்திகளைப் பிளக்கவும் வேண்டும். கண் சிவப்பு அதில் முதலாவது. லெப்டோஸ்பைரோசிஸில் கண் வெள்ளை இரத்தம் பாய்ந்தமாதிரி சிவந்திருக்கும், பீளை இருக்காது. புகைமூட்டக் காலத்தில் கண் சிவந்து, அரித்து, தண்ணீர் வடியும். 2015, 2019 மாதிரியான கடும் புகைமூட்ட மாதங்கள் அட்டவணைக்குள் இருந்து, கண் சிவப்பு ஒரே பத்தியாகவும் இருந்தால், இருமல்காரர்களும் எலிச் சிறுநீர்க் காய்ச்சல்காரர்களும் அந்த ஒரு பத்தி வழியாகக் கைகோத்துக்கொள்வார்கள்.

இனி கட்டத்துக்குள் என்ன எழுதுவது. 1 என்றால் உண்டு. 0 என்றால் கேட்டோம், இல்லை என்றார். காலி என்றால் கேட்கவே இல்லை. இந்த மூன்றையும் கலக்காதிருப்பதுதான் முழு வேலையிலும் முதன்மையானது. நடைமுறையில் எக்செலுக்கு ஏற்றும்போது காலியெல்லாம் 0 ஆகிவிடுகிறது. அதன்பின் நடப்பதைப் பாருங்கள். காய்ச்சலோடு வந்த ஒருவரைப் பார்த்ததும் எம்.ஏ.வுக்கு (கிளினிக்கின் மருத்துவ உதவியாளருக்கு) எலிச் சிறுநீர்க் காய்ச்சலாக இருக்குமோ என்று சந்தேகம். உடனே கெண்டைக்கால் வலிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, சிறுநீர் குறைந்ததா என்று மூன்றையும் கேட்டு எழுதுகிறார். சந்தேகம் வராத ஆளிடம் மூன்றையும் கேட்பதில்லை, மூன்றும் காலி. காலியை 0 ஆக்கினால், இந்த மூன்று அறிகுறிகளும் பிரியாமல் சேர்ந்தே வருவதாகக் கணக்கு காட்டும். அப்படிக் காட்டியது எம்.ஏ.வின் சந்தேகம். புத்தகத்தில் உள்ள லெப்டோஸ்பைரோசிஸ் அப்படியே வலையில் கிடைத்துவிட்டது என்று மகிழ்வோம், போட்ட விதையையே அறுவடை செய்திருப்போம்.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. இரண்டு பத்திகளும் நிரம்பியுள்ள வரிகளை மட்டும் எடுத்து உறவைத் திரும்பக் கணக்கிடுங்கள். ஆறு மடங்காக இருந்த சேர்க்கை ஒன்றரை மடங்குக்கு இறங்கினால் அது படிவம் போட்ட கோடு. ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை சதவிகிதம் காலி என்பதை எழுதியவர் வாரியாகவும் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒருவர் கையில் 5 சதவிகிதம், இன்னொருவர் கையில் 60 சதவிகிதம் காலி என்றால் அந்தப் பத்தி உபயோகப்படாது. பழைய பதிவேட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, காய்ச்சலோடு வரும் எல்லாரிடமும், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 12 முதல் 15 கேள்விகள் உள்ள ஓர் அட்டையை மூன்று மாதம் நிரப்பினால் கிடைக்கும் 300 வரி எவ்வளவோ மேல்.

நாள்கணக்கு அடுத்தது. டிங்கியில் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் முதல் மூன்று நாள் ஒரு முகம், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது வரும் ஆபத்துக் கட்டம் வேறு முகம். ஐந்தாம் நாள் வருபவருக்குச் சூடு 37.5க்கு வந்திருக்கும், காய்ச்சல் பத்தியில் 0 விழும், வயிற்றுவலி 1, விடாத வாந்தி 1, சோர்வு 1. கொத்துக்கணக்கு இவரை வயிற்றுக்கோளாறு கூட்டத்தில் கொண்டுபோய் வைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2009ல் வகுத்த டிங்கி அபாயக் குறிகளில் இந்த மூன்றும் உள்ளன! காய்ச்சல் தொடங்கிய தேதி இல்லாத வரியை இந்த வேலைக்குச் சேர்க்கவே கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். தேதி இருந்தால், 1–3ஆம் நாள் வரிகளைத் தனியாகவும் 4–7ஆம் நாள் வரிகளைத் தனியாகவும் கொத்தாக்கிப் பாருங்கள். முழு அட்டவணையில் கிடைத்த இரண்டு கொத்துகள் இப்படிப் பிரித்ததும் கரைந்துபோனால், அவை இரண்டு நோயல்ல, ஒரே நோயின் இரண்டு நாள்கள்.

எவ்வளவு ஒற்றுமை என்பதை எப்படி எண்ணுவது

கணக்குக்காக இரண்டு கற்பனை வரிகள். முதலாமவர் செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுபவர்: காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. இரண்டாமவர் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்: காய்ச்சல், தலைவலி, இருமல், மூக்கொழுகல். மொத்தம் 30 பத்திகள், எல்லாம் கேட்கப்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். ஒத்துப்போகும் பத்திகளை எல்லாம் எண்ணினால் 30ல் 26 ஒத்துப்போகிறது, 0.87. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்று என்கிறது கணக்கு. இருவருக்குமே இல்லாத 24 அறிகுறிகளை ஒற்றுமையாக எண்ணியதன் விளைவு இது. இருவருக்கும் காது வலி இல்லை என்பது ஓர் ஒற்றுமையா? பால் ஜக்கார்ட் பெயரில் வழங்கும் அளவை, இருவரில் ஒருவருக்காவது உள்ள அறிகுறிகளை மட்டும் பார்க்கும். அவை ஆறு, பொதுவானவை இரண்டு, எனவே 0.33.

அதுவும் போதாது. காய்ச்சல் கிளினிக்கில் காய்ச்சல் என்பது கறிக்கு உப்பு மாதிரி, அதை வைத்து எந்தக் கறி என்று சொல்ல முடியாது. எனவே ஒவ்வோர் அறிகுறிக்கும் அதன் அருமைக்கேற்ற எடை கொடுக்கவேண்டும். மொத்த வரிகளை அந்த அறிகுறி உள்ள வரிகளால் வகுத்து இயல் மடக்கை (ln) எடுப்பது வழக்கம். 400 பேரில் 360 பேருக்குக் காய்ச்சல் என்றால் எடை 0.11, 240 பேருக்குத் தலைவலி என்றால் 0.51, 200 பேருக்கு இருமல் என்றால் 0.69, 120 பேருக்கு மூக்கொழுகல் என்றால் 1.20, 30 பேருக்குக் கண் சிவப்பு என்றால் 2.59, 20 பேருக்குக் கெண்டைக்கால் வலி என்றால் 3.00. எடைபோட்டுக் கணக்கிட்டால் நம் இருவரின் ஒற்றுமை 0.08க்கு இறங்கிவிடும். அட்டவணை ஒன்றுதான். 0.87ஆ 0.08ஆ என்பதை நாம் தேர்ந்த அளவுகோல்தான் முடிவு செய்தது. எடையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: அபூர்வமான பத்தியில் எழுத்துப்பிழையாக விழுந்த ஒரு 1க்கும் அதே பெரிய எடை கிடைக்கும். முன்னே சொன்ன எட்டுப் பேர் வரம்பு அதற்காகத்தான்.

கொத்தாக்கும் முறைகளில், எல்லாருக்கும் தெரிந்த கே-மீன்ஸை 0, 1 அட்டவணைமேல் நேராகப் போடாதீர்கள். அது சராசரியை மையமாக வைத்து நேர்க்கோட்டுத் தூரம் அளக்கும் முறை. "0.4 வாந்தி" உள்ள மையம் என்று யாரும் கிடையாது. எத்தனை அறிகுறி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் பிரித்துவிடும்: நிறைய எழுதப்பட்டவர்கள் ஒரு கொத்து, கொஞ்சம் எழுதப்பட்டவர்கள் ஒரு கொத்து. ஜக்கார்ட் தூரத்தின்மேல் சராசரி இணைப்பில், அதாவது இரண்டு கொத்துகளின் ஆள்களுக்கு இடையே உள்ள சராசரித் தூரத்தைப் பார்த்து, மரமாக அடுக்கும் படிநிலை முறை நம் அளவு அட்டவணைக்குப் பொருந்தும். மிக நெருங்கிய ஒரு ஜோடியை மட்டும் பார்க்கும் ஒற்றை இணைப்பு சங்கிலிபோல நீண்டு, ஒரு பெரிய கொத்தும் பல ஒற்றை ஆள்களும் என்று முடியும். வார்ட் முறை என்ற இன்னொரு இணைப்பு நேர்க்கோட்டுத் தூரத்தை எதிர்பார்ப்பது, எனவே இங்கே பொருந்தாது.

புள்ளியியல்காரர்கள் மறைவகுப்புப் பகுப்பாய்வைப் பரிந்துரைப்பார்கள், நியாயமான பரிந்துரைதான். ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு நிகழ்தகவை மதிப்பிடும் முறை அது. காலிக் கட்டங்களோடும் ஓரளவு ஒத்துழைக்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஐந்து வகுப்பு, 30 பத்தி என்றால் 154 எண்களை மதிப்பிடவேண்டும். 400 வரிக்கு அது தாங்காது. பத்தியை 15க்குக் குறைத்து மூன்று வகுப்பு என்றால் 47 எண்கள், அது நடக்கும். வேறு வேறு இடத்திலிருந்து 50 தடவையாவது தொடங்கி ஓட்டவேண்டும். ஒரே தடவை ஓட்டியதை நம்பினால் பள்ளத்தில் சிக்கிய விடையாக இருக்கலாம்.

எத்தனை கொத்து என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் விடை இல்லை. மூன்று சோதனைகள் போதும் என்பேன். முதலில், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகக் கலைத்துவிட்டு, அதாவது இருமல்காரர் எண்ணிக்கை மாறாமல் யாருக்கு இருமல் என்பது மட்டும் மாறும்படி குலுக்கிவிட்டு, அதே முறையை 200 தடவை ஓட்டுங்கள். குலுக்கிய அட்டவணையிலும் அசல் அளவுக்கே கொத்து இறுக்கமாக வந்தால், அசலில் ஒன்றும் இல்லை. அடுத்து, வரிகளைத் திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுத்து ஓட்டி, அதே கொத்து மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். கிறிஸ்டியான் ஹென்னிக் எழுதிய ஆர் மொழி நிரல் இதைச் செய்து ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு மதிப்பெண் தரும்: 0.6க்குக் கீழே நம்பவேண்டாம், 0.75க்கு மேல் நிலையானது. மூன்றாவதாக, கொத்துகளை எழுதியவர், கிழமை, மாதம் என்று வண்ணம் மாற்றி மாற்றிப் பாருங்கள். திங்கட்கிழமைக் கொத்து என்று ஒன்று கிடைத்தால் வியப்பில்லை. நாள்கூலிக்காரர் ஞாயிறன்று உடம்பு முடியாமல் கிடந்துவிட்டு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்க வரும் நாள் அது. தலைசுற்றல், வயிற்றோட்டம் என்ற இரண்டும் அன்று கூடுதலாக எழுதப்பட்டிருக்கும். அவர்கள் சொல்வது பொய் என்று சொல்லவில்லை, அன்றைய வருகையின் காரணம் வேறு என்கிறேன்.

வலை

கொத்து ஆள்களைச் சேர்க்கும். வலை அறிகுறிகளைச் சேர்க்கும். ஒவ்வோர் அறிகுறியும் ஒரு புள்ளி, இரண்டும் சேர்ந்து வந்தால் இடையில் ஒரு கோடு. சேர்ந்து வந்த எண்ணிக்கையையே கோட்டின் தடிமனாகப் போடுவதுதான் பலரும் முதலில் செய்வது. காய்ச்சல் நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன எண்களையே எடுப்போம். காய்ச்சலும் இருமலும் 184 பேருக்குச் சேர்ந்து வந்தன. தற்செயலாகவே 360 × 200 ÷ 400, அதாவது 180 பேருக்கு வரவேண்டும். தடித்த கோடு, செய்தி ஒன்றுமில்லை. கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் 9 பேருக்குத்தான். தற்செயலில் எதிர்பார்ப்பது 1.5. ஆறு மடங்கு! படத்தில் தலைமுடி அளவுக் கோடு, தேடிக்கொண்டிருந்தது அதுதான். இரண்டு பத்திகளின் உறவை அளக்கும் ஃபை கெழுவில் (0 என்றால் உறவே இல்லை, 1 என்றால் முழு உறவு) பார்த்தால் முதலாவது 0.07, இரண்டாவது 0.33.

30 அறிகுறிக்கு 435 ஜோடிகள். ஒவ்வொன்றையும் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் சோதித்தால், உறவே இல்லாத அட்டவணையிலும் 22 கோடுகள் கிளம்பும். இப்படித் தற்செயலாகக் கிளம்பும் கோடுகளைக் கட்டுப்படுத்தும் பென்ஜமினி-ஹாக்பர்க் திருத்தம் போட்டு, எதிர்பார்ப்பு எண் சின்னதாக உள்ள இடங்களில் ஃபிஷர் சோதனையைப் பயன்படுத்தி, குறைந்தது ஐந்து பேருக்காவது சேர்ந்து வந்த ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டால் வலை படிக்கும்படி இருக்கும்.

வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் இடையில் ஒரு கோடு, தலைசுற்றலுக்கும் சோர்வுக்கும் இடையில் ஒரு கோடு, வாந்திக்கும் சோர்வுக்கும் ஒரு கோடு என்று முக்கோணமாக வரும்போது, மூன்றாவது கோடு நேரானதா, மற்ற இரண்டின் வழியாக வந்ததா என்று தெரியாது. இதற்கு ஐசிங் வலை என்ற முறை உண்டு. மனநோய் அறிகுறிகளை வலையாகப் பார்க்கும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் வழியாகப் பரவியது. மற்ற எல்லா அறிகுறிகளையும் நிலைநிறுத்தியபிறகும் மிஞ்சும் கோடுகளை மட்டும் தரும். நம் அளவுக்கு 435 கோடும் 30 தொடக்க எண்ணும் சேர்ந்து 465 மதிப்பீடு, சின்னதையெல்லாம் சுழியாக்கும் முறை என்பதால் ஓடும், ஆனால் உண்மையான மெல்லிய கோடுகளும் அதில் அடிபடும். இரண்டு வலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரி.

வலையில் கூட்டம் பிரிக்க 2008ல் வந்த லூவெய்ன் முறை எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ஓட்டும் வரிசையைப் பொறுத்து விடை மாறும், உள்ளுக்குள் சரியாக இணையாத கூட்டத்தையும் சில நேரம் தந்துவிடும். 2019ல் வந்த லைடன் முறை இந்தக் குறையைச் சரிசெய்தது, ஐகிராஃப் என்ற வலைக்கணக்கு மென்பொருளில் இருக்கிறது, அதையே போடுங்கள். 100 தடவை வேறு வேறு தொடக்கத்தில் ஓட்டி, எந்த இரண்டு அறிகுறிகள் 90 தடவைக்கு மேல் ஒரே கூட்டத்தில் விழுகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்த முறைகள் ஓர் அறிகுறியை ஒரே கூட்டத்தில்தான் வைக்கும். தலைவலியை டிங்கிப் பக்கமோ சளிப் பக்கமோ தள்ளியாகவேண்டும். அது அந்த முறையின் நிர்ப்பந்தம், மருத்துவ உண்மை அல்ல. படத்தில் இரண்டு புள்ளிகள் அருகருகே இருப்பதற்கும் பொருள் தேடாதீர்கள், வரையும் நிரல் இடம் பார்த்து வைத்தது அது.

அறிகுறி வலை என்றதும் எல்லாரும் எடுத்துக்காட்டுவது 2014ல் வந்த ஒரு பெரிய ஆய்வு: 322 அறிகுறிகளுக்கும் 4,219 நோய்களுக்கும் இடையே 1,47,978 இணைப்புகள். அருமையான வேலை. ஆனால் அது மருத்துவக் கட்டுரைகளின் குறிச்சொற்களிலிருந்து எடுத்தது, நோயாளிகளிடமிருந்து அல்ல. எதைப் பற்றி அதிகம் எழுதுகிறார்களோ அது அங்கே தடிக்கும். நம் பதிவேட்டை அதோடு ஒப்பிட்டு "பொருந்தவில்லையே" என்று கவலைப்படத் தேவையில்லை.

வாசலில் நடப்பது

1946ல் ஜோசஃப் பெர்க்சன் காட்டிய சிக்கல் கிளினிக் கணக்குக்கெல்லாம் பொருந்தும். இருமல் மட்டும் இருந்தாலும் ஆள் கிளினிக்குக்கு வருகிறார், முட்டிவலி மட்டும் இருந்தாலும் வருகிறார். ஊரில் இந்த இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் கிளினிக் பதிவேட்டில் இருமல் உள்ளவருக்கு முட்டிவலி குறைவாகவும், முட்டிவலி உள்ளவருக்கு இருமல் குறைவாகவும் தெரியும், ஏனென்றால் இரண்டும் இல்லாதவர் வீட்டில் இருக்கிறார். இப்படித்தான் "சளிக் கொத்து", "வலிக் கொத்து" என்று எந்தக் கிளினிக்கிலும் இரண்டு பளிச்சென்ற கொத்துகள் கிடைத்துவிடுகின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பு என்று எழுதவேண்டாம்.

தோட்டப்புறத்தில் வாசல் இன்னும் குறுகல். குடியுரிமை உள்ளவருக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்). வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கட்டணம் பல மடங்கு, போகவரச் செலவு வேறு, எனவே நோய் முற்றியபிறகுதான் வருவார். அவர் வரிகள் கடுமையான அறிகுறிகளோடு ஒரு கொத்தாக நிற்கும். அது வேறு நோயாக இருக்கவேண்டியதில்லை, தாமதமாக வந்த அதே நோயாக இருக்கலாம். முன்னே சொன்ன நாள்கணக்குப் பத்தி இங்கேயும் கைகொடுக்கும்.

வேலை, தண்ணீரில் சேற்றில் இறங்கியது, லயத்து வீட்டில் எலி, மருந்து அடித்த நாள், ஆய்வுக்கூட முடிவு ஆகியவற்றைக் கொத்தாக்கும் கணக்குக்குள் விடாதீர்கள். வெளியே வைத்திருந்தால்தான் கொத்து சரியா என்று அவற்றைக்கொண்டு சோதிக்கமுடியும். கெண்டைக்கால் வலி–கண் சிவப்புக் கொத்தில் செம்பனைக்குள் ஈரத்தரையில் நடக்கும் வெட்டுக்காரர்களும் பொறுக்குபவர்களும் மற்றக் கொத்துகளைவிட அதிகம் என்றால் அது வெளிச்சாட்சி. எலியைப் பிடிக்கக் கூகை ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கும் அளவுக்குச் செம்பனையில் எலி உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். வியர்வை, எச்சில் ஊறல், கண்ணீர், வயிற்றோட்டம் நாலும் ஒரு கூட்டமாக வலையில் நின்றால், மருந்து அடித்த நாளையும் எந்த மருந்து என்பதையும் முதலில் பார்க்கவேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லியின் நஞ்சு அப்படித்தான் காட்டும். கொத்தாக்கப் பயன்படுத்திய அதே பத்திகளைத் திரும்ப எடுத்து, "இந்தக் கொத்துகள் கெண்டைக்கால் வலியில் கணிசமாக வேறுபடுகின்றன" என்று சோதனை எண் போடுவது மட்டும் வேண்டாம். வேறுபடும்படிதானே பிரித்தோம்.

ஆய்வுக்கூட முடிவிலும் நாள் பார்க்கவேண்டும். டிங்கிக் கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை முதல் ஐந்து நாளுக்குள் நன்றாகப் பிடிக்கும், பிறகு தவறவிடும். லெப்டோஸ்பைரோசிஸின் எதிர்ப்பொருள் சோதனை முதல் வாரத்தில் இல்லை என்று வந்தால் அதற்குப் பொருள் அதிகம் இல்லை. நாள் பார்க்காமல் ஒப்பிட்டால் நல்ல கொத்தையும் தவறென்று தள்ளிவிடுவோம்.

பெயரை அழித்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்று நினைக்கவேண்டாம். அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா. அதை முழுதாக எடுத்துவிட்டு வயதை ஐந்து வருட இடைவெளியில் போடவேண்டும். 60 குடும்பம் உள்ள தோட்டத்தில் "ஆண், 58, டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்)" என்று ஒரு வரி இருந்தால் ஊருக்கே ஆள் தெரியும். தோட்டத்தின் பெயரையும் தொழிலையும் ஒரே தாளில் வைக்காதீர்கள். சுகாதார அமைச்சின் கிளினிக் பதிவை ஆய்வுக்கு எடுப்பதென்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியபிறகே தொடவேண்டும்.

இவ்வளவும் தாண்டி ஒரு கொத்து நின்றால், கிளினிக்குக்குக் கொடுக்கவேண்டியது வலைப்படம் அல்ல. காய்ச்சல் அட்டையில் மூன்று கேள்வி கூடுதலாக: எத்தனையாவது நாள், கெண்டைக்காலை அமுக்கினால் வலிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் சேற்றிலோ தேங்கிய தண்ணீரிலோ இறங்கினீர்களா. டிங்கியும் லெப்டோஸ்பைரோசிஸும் அறிவிக்கவேண்டிய நோய்கள் என்பதால், சந்தேகம் வலுத்தால் செய்யவேண்டியது ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. கொத்து சரியா என்பதை அடுத்த மூன்று மாதத்துப் புது வரிகளில் சோதியுங்கள், கொத்து பிறந்த பழைய வரிகளில் அல்ல. புது அட்டை மேசைக்கு வந்த தேதியை அட்டவணையில் தனிப்பத்தியாகக் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து கெண்டைக்கால் வலி எல்லாரிடமும் கேட்கப்படும், எண்ணிக்கை தானாக ஏறும், பழைய வரியையும் புது வரியையும் சேர்த்து ஓட்டினால் அந்தத் தேதியே ஒரு கொத்தாக வந்து நிற்கும்.